அனோரக் ஆசாமிகள்: திருட்டு வானொலியின் கிறுக்கு நேயர்கள்

2009ல் 'தி போட் தட் ராக்ட்' என்று ஓர் ஆங்கிலப் படம் வந்தது. ரிச்சர்ட் கர்டிஸ் இயக்கியது. 1960களில், துருப்பிடித்த ஒரு கப்பலில் இருந்தபடி நடுக்கடலிலிருந்து இங்கிலாந்துக்கே பாட்டுப் போடும் ஒரு கூட்டத்தின் கதை. கடைசியில் கப்பல் மூழ்கும். அரசாங்கம் கண்டுகொள்ளாது. அப்போது எங்கிருந்தோ சின்னச் சின்னப் படகுகளில் நேயர்கள் கிளம்பி வந்து எல்லோரையும் காப்பாற்றுவார்கள். கைதட்டல் வாங்குவதற்கென்றே எடுத்த காட்சி!

நிஜத்திலும் அப்படி ஒரு கப்பல் மூழ்கியது. 1980 மார்ச் 19ம் தேதி ராத்திரி. ஆனால் நேயர்கள் யாரும் படகெடுத்துக்கொண்டு வரவில்லை. அடித்த புயலில் வரவும் முடியாது. அவர்கள் செய்தது வேறு. வீட்டில் உட்கார்ந்தபடி டேப் ரெக்கார்டரில் பதிவுப் பட்டனை அழுத்தினார்கள்.

'இதெல்லாம் ஓர் உதவியா?' என்று தோன்றலாம். கப்பலில் இருந்தவர்களுக்கு அது எந்த உதவியும் இல்லைதான். ஆனால் அந்தக் கப்பலின் குரல் இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது என்றால், அதற்குக் காரணம் ஊரே பார்த்துச் சிரித்த அந்த நேயர்கள்தான். அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர்கூட உண்டு. அனோரக்!

அனோரக் என்பது கிரீன்லாந்து இன்யூட் மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். தலையை மூடும் தொப்பியோடு சேர்த்துத் தைத்த, காற்றும் மழையும் உள்ளே புகாத மேல்சட்டை. பிரிட்டனில் இந்தச் சொல்லுக்கு இரண்டாவதாக ஓர் அர்த்தமும் இருக்கிறது. வேறு யாருக்கும் அக்கறையில்லாத ஒரு விஷயத்தில் நுணுக்கி நுணுக்கி மூழ்கிக் கிடக்கும் ஆசாமி என்று பொருள். ரயில் நிலையத்தில் நின்று என்ஜின் நம்பர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாரே, அவரையும் இப்படித்தான் சொல்வார்கள். அச்சில் இந்தக் கேலி 1984ல் 'அப்சர்வர்' பத்திரிகையில் வந்ததாக அகராதிக்காரர்கள் குறித்திருக்கிறார்கள். ஆனால் அதற்குச் சுமார் பத்து வருஷம் முன்பே ரேடியோ கரோலைன் அறிவிப்பாளர் ஆண்டி ஆர்ச்சர் இதைச் சொல்லிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கப்பலைப் பார்ப்பதற்காகவே சிலர் வாடகைப் படகு பிடித்துக் கடலுக்குள் வருவார்களாம். குளிரில் நடுங்கிக்கொண்டு, ஆளுக்கொரு அனோரக் மாட்டிக்கொண்டு, கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்து கையாட்டுவார்களாம். "இதோ அனோரக்குகள் வந்துவிட்டார்கள்" என்று தொடங்கியதுதான் பிறகு நாடு முழுக்கப் பரவியது என்பார்கள்.

ஆக, 'அனோரக்' என்ற கேலிச் சொல்லின் முதல் சொந்தக்காரர்கள் திருட்டு வானொலியின் நேயர்கள்.

சரி, இது என்ன திருட்டு வானொலி? இவர்கள் எதைத் திருடினார்கள்?

பொருள் எதையும் திருடவில்லை. அலைவரிசையைத்தான் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குள் வானொலி என்றால் பி.பி.சி. மட்டும்தான். இசைத்தட்டுகளை அப்படியே ஒலிபரப்பினால் இசைக்கலைஞர்கள் பிழைப்பு போய்விடும் என்று சங்கமும் இசைத்தட்டு நிறுவனங்களும் சேர்ந்து பி.பி.சி.யோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. 'ஊசி நேரம்' என்று அதற்குப் பெயர். அதாவது கிராமபோன் ஊசி இசைத்தட்டில் இத்தனை மணி நேரம்தான் உட்காரலாம் என்று கணக்கு! மீதி நேரத்துக்குப் பி.பி.சி.யின் வாத்தியக் குழு ஹிட் பாட்டுகளைத் தானே வாசித்துக் காட்டும். பீட்டில்ஸ் பாட்டைப் பீட்டில்ஸ் குரலில் கேட்க ஆசைப்படும் பதினைந்து வயசுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ராத்திரியில் ரேடியோ லக்சம்பர்க் கேட்கலாம். அதுவும் அலை வந்து வந்து போகும்.

அந்த ஓட்டையில் புகுந்தவர் ரோனன் ஓராஹிலி என்ற அயர்லாந்து இளைஞர். டென்மார்க்கின் பழைய பயணிகள் கப்பல் ஒன்றை வாங்கி, அயர்லாந்தில் தன் அப்பாவுக்குச் சொந்தமான கிரீனோர் துறைமுகத்தில் வைத்து டிரான்ஸ்மிட்டரும் ஏரியல் கம்பமும் பூட்டினார். 1964 மார்ச் 28ம் தேதி, ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை, இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரத்தில் நங்கூரம் போட்டு ஒலிபரப்பைத் தொடங்கினார். அன்றைக்கு பிரிட்டனின் கடல் எல்லை மூன்று மைல். அதைத் தாண்டி நின்றால் பிரிட்டிஷ் சட்டம் செல்லாது. கப்பலுக்கும் நிலையத்துக்கும் கரோலைன் என்று பெயர். (இதற்கு முன்பே டென்மார்க், ஸ்வீடன், ஹாலந்து கரைகளில் இதே வேலையைச் சிலர் பார்த்துவிட்டார்கள். ஸ்வீடனில் 'ரேடியோ நார்ட்' நடந்த கப்பல்தான் பிறகு பெயர் மாறி 'மி அமிகோ' என்று கரோலைனிடம் வந்தது. மார்ச் 1980ல் மூழ்கியதும் அதுதான்.)

கரோலைன் வந்த கொஞ்ச நாளில் ரேடியோ லண்டன் வந்தது. பழைய அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் அது நடந்தது. போர்க்காலத்தில் கட்டி, கைவிட்ட கடல் கோட்டைகளிலும் சிலர் ஏறி உட்கார்ந்து ஒலிபரப்பத் தொடங்கினார்கள்.

இந்தக் காலத்தில் நேயர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். யாரும் அவர்களைக் கிறுக்கு என்று சொல்லவில்லை, ஏனென்றால் எல்லோருமே கேட்டார்கள். ஆனால் அப்போதே ஒரு சின்னக் கூட்டம் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் போனது. எசெக்ஸ் கரையில் ஃபிரிண்டன் என்று ஓர் ஊர். கரோலைன் கப்பல் அங்கிருந்து மூன்றரை மைல் தள்ளி நின்றது. ராத்திரி நிகழ்ச்சி நடத்தும் ஜானி வாக்கர், கரையில் காரை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருப்பவர்களை ஹெட்லைட்டைச் சிமிட்டச் சொன்னார். இருட்டில் கரையெல்லாம் விளக்குகள் சிமிட்டின! அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. இவர் ஒலிபரப்பில் கேள்வி கேட்பார், அவர்கள் விளக்கைச் சிமிட்டிப் பதில் சொல்வார்கள். மொபைல் இல்லாத காலத்தில் நடந்த எஸ்.எம்.எஸ். அரட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேயர் பாட்டுக் கேட்கிறார் என்பது வேறு. காரை ஓட்டிக்கொண்டு போய்க் குளிரில் உட்கார்ந்து, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கப்பலுக்குச் சொல்ல நினைக்கிறார் என்பது வேறு. அனோரக்கின் விதை அங்கே இருக்கிறது.

ரேடியோ லண்டனில் ஜான் பீல் நடத்திய நள்ளிரவு நிகழ்ச்சியும் இப்படித்தான். அந்த நேரத்தில் முதலாளிகள் யாரும் கேட்பதில்லை என்று தெரிந்துகொண்டு, விளம்பரங்களை எல்லாம் தள்ளிவிட்டுத் தனக்குப் பிடித்த பாட்டுகளை மட்டும் போட ஆரம்பித்தார். அலுவலகத்துக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் வந்த பிறகுதான் நிர்வாகத்துக்கே விஷயம் தெரிந்தது. இந்த நிகழ்ச்சியைச் சிலர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு டேப்பில் பிடித்து வைத்தார்கள். ஜான் பீல் பிற்பாடு பி.பி.சி.யில் பெரிய ஆளானார். அவர் எப்படித் தொடங்கினார் என்று காதால் கேட்க வேண்டுமானால் அந்த டேப்புகளைத்தான் தேட வேண்டும்.

1967 ஆகஸ்ட் 14ம் தேதி நள்ளிரவோடு புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. 'கடல் ஒலிபரப்புக் குற்றங்கள் சட்டம்' என்று சொல்லலாம். கப்பல் சர்வதேசக் கடலில் நிற்பதால் அதைத் தொட முடியாது. எனவே கப்பலுக்கு உதவுகிறவர்களைத் தொட்டார்கள். பிரிட்டிஷ் பிரஜை அதில் வேலை செய்தால் குற்றம். சாப்பாடு, எண்ணெய் கொண்டுபோனால் குற்றம். ஆள் ஏற்றிப்போனால் குற்றம். விளம்பரம் கொடுத்தால் குற்றம். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு வரும் என்று பத்திரிகையில் போடுவதும் குற்றம்!

அன்று மத்தியானம் மூன்று மணிக்கே ரேடியோ லண்டன் மூடிவிட்டது. அறிவிப்பாளர்கள் ரயிலில் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு வந்து இறங்கியபோது கையில் கறுப்புப் பட்டை கட்டிய ரசிகர்கள் கூட்டமாக நின்றார்கள். கரோலைன் மட்டும் மூடவில்லை. அதுவும் 1968 மார்ச்சில் பாக்கி கட்டாததால் கப்பல் நிறுவனத்தாரால் இழுத்துச் செல்லப்பட்டது.

இதற்குள் பி.பி.சி. விழித்துக்கொண்டது. 1967 செப்டம்பர் 30ம் தேதி 'ரேடியோ ஒன்' தொடங்கியது. கடல் வானொலியின் அறிவிப்பாளர்களையே பலரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. பாட்டு வந்துவிட்டது. ஆக, லட்சக்கணக்கான நேயர்கள் நிம்மதியாக டயலைத் திருப்பிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பாட்டுதானே?

டயலைத் திருப்பாமல் இருந்தவர்கள் சிலர். இவர்கள்தான் அனோரக்குகள். இவர்களுக்குப் பாட்டு முக்கியமில்லை என்றுகூடச் சொல்லலாம். கப்பல்தான் முக்கியம். ஏரியல் கம்பத்தின் உயரம், டிரான்ஸ்மிட்டரின் திறன், எந்த நாள் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு ஒலிபரப்பு நின்றது, எத்தனை மணிக்குத் திரும்பி வந்தது... இதெல்லாம்தான் முக்கியம். பாட்டு ஓடும்போது டீ போடப் போய்விட்டு, அறிவிப்பாளர் இருமினால் ஓடி வந்து குறித்துக்கொள்கிற ரகம்!

இவர்கள் கேட்ட விதமே ஒரு தனிக் கலை. மத்திய அலை பகலில் ஒரு மாதிரி, ராத்திரியில் ஒரு மாதிரி. பகலில் வளிமண்டலத்தின் மேலடுக்கில் உள்ள ஒரு படலம் அலைகளை உறிஞ்சிவிடும். அதனால் பக்கத்து நிலையங்கள் மட்டும் கேட்கும். சூரியன் மறைந்ததும் அந்தப் படலம் கலைந்துவிடும். அதற்கு மேலே உள்ள அடுக்குகளில் பட்டு அலைகள் திரும்பி வர, ஐரோப்பாவின் அத்தனை நிலையங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். அந்தச் சந்தை இரைச்சலில் ஒரு பழைய கப்பலின் குரலைப் பிடிக்க வேண்டும். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் ஃபெரைட் குச்சி ஒன்று இருக்கும். அதன் பக்கவாட்டில் வரும் அலையை நன்றாக வாங்கும். முனையை நோக்கி வரும் அலையை வாங்காது. எனவே ரேடியோவையே மெல்ல மெல்லச் சுழற்றி, வேண்டாத நிலையம் இருக்கும் திசைக்கு அந்தக் குச்சியின் முனையைக் காட்டினால் அது அமுங்கிவிடும். வேண்டியது மேலே வரும். ஜோசியர் காந்தப்பெட்டியைத் திருப்புவது போல ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து வீட்டில் என்ன நினைத்திருப்பார்கள்!

இந்தக் கலை 1970ல் நன்றாகக் கைகொடுத்தது. அந்த வருஷம் இரண்டு சுவிட்சர்லாந்துக்காரர்கள் 'மெபோ 2' என்ற கப்பலில் ரேடியோ நார்த் சீ இன்டர்நேஷனல் என்ற நிலையத்தைத் தொடங்கினார்கள். அது இங்கிலாந்துக் கரைக்கு வந்ததும், லேபர் அரசாங்கம் ஏப்ரலில் அதே அலைவரிசையில் ஊளைச் சத்தத்தை ஒலிபரப்பி அமுக்கியது. பாட்டுப் போடும் ஒரு படகைப் பிரிட்டன் அமுக்கியது! நிலையம் அலைவரிசையை மாற்றி மாற்றி ஓடியது. அனோரக்குகளும் பின்னாலேயே ஓடினார்கள். ஜூன் 18 தேர்தலுக்கு முந்திய நாட்களில் நிலையம் தன் பெயரையே 'ரேடியோ கரோலைன் இன்டர்நேஷனல்' என்று மாற்றிக்கொண்டு லேபர் கட்சிக்கு எதிராகப் பிரசாரம் செய்தது. லேபர் தோற்றது. கன்சர்வேட்டிவ் கட்சி வந்தது. ஊளை மட்டும் நிற்கவில்லை. (ஆட்சி மாறினாலும் சில விஷயங்கள் மாறாது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?)

சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்தால், அனுமதியில்லாத நிலையத்தைக் கேட்பதற்கும் வானொலி உரிமத்தில் இடமில்லை. கேட்டதற்காக வீடு வீடாகப் போய்ப் பிடிக்க யாராலும் முடியாது என்பதால் அது ஏட்டளவில் நின்றது. ஆனால் இந்த ஆசாமிகள் கேட்டதோடு நிற்கவில்லையே! கையால் தட்டச்சு செய்து, நகலெடுத்து, தபாலில் செய்தி இதழ்கள் அனுப்பிக்கொண்டார்கள். நடந்து முடிந்ததை எழுதலாம். நாளைக்கு இத்தனை மணிக்கு இன்ன நிகழ்ச்சி என்று எழுதினால்தான் வம்பு. படகில் போய்க் கப்பலைச் சுற்றி வரலாம். அதில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை ஏற்றிக்கொண்டு போனால் குற்றம். இந்த மெல்லிய கோட்டின் மேல்தான் அவர்கள் பொழுதுபோக்கு நடந்தது. கோட்டைத் தாண்டியவர்களும் இல்லாமல் இல்லை. கரோலைன் அத்தனை வருஷம் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமலா மிதந்தது?

1971 மே 15ம் தேதி ராத்திரி இவர்கள் பொழுதுபோக்கு திடீரென்று வேறு மாதிரி ஆனது. மெபோ 2 அப்போது ஹாலந்துக் கரையில் இருந்தது. மூன்று பேர் ரப்பர் படகில் வந்து கப்பலின் பின்புறம் வெடி வைத்தார்கள். தீப்பிடித்தது. நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, 'கப்பல் எரிகிறது, உதவி வேண்டும்' என்று ஒலிபரப்பிலேயே அபயக்குரல் கொடுத்தார்கள். பாட்டுக் கேட்கலாம் என்று ரேடியோவைத் திருப்பியவர்களுக்கு இது! எல்லோரும் பிழைத்தார்கள். பிறகு விசாரித்ததில், போட்டி நிலையமான ரேடியோ வெரோனிகாவின் நிர்வாகிகள் சிலர் காசு கொடுத்து இதைச் செய்யச் சொன்னது தெரிந்து, சிறைக்கும் போனார்கள். அந்த அபயக்குரல் இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது. எரிகிற கப்பலில் அதை யார் பதிவு செய்திருப்பார்கள்? கரையில் ஒருவர் டேப்பை ஓடவிட்டிருந்தார்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்த நிலையங்கள் தங்கள் நிகழ்ச்சிகளைச் சேர்த்து வைக்கவில்லை. வைக்க இடமும் இல்லை, காசும் இல்லை. ஈரம் சொட்டும் கப்பல். டேப் என்பது அன்றைக்கு விலை அதிகம், ஒன்றையே அழித்து அழித்துப் பயன்படுத்துவார்கள். பெரிய கட்டடமும் பெரிய பட்ஜெட்டும் வைத்திருந்த பி.பி.சி.யே அந்தக் காலத்து நிகழ்ச்சிகளில் எத்தனையோ அழித்துவிட்டது. கடைசியில் 2001ல் 'புதையல் வேட்டை' என்று பெயர் வைத்து, 'உங்கள் வீட்டுப் பரணில் எங்கள் பழைய நிகழ்ச்சிகள் இருந்தால் கொடுங்கள்' என்று பொதுமக்களிடமே கையேந்தியது. பி.பி.சி.க்கே இந்தக் கதி என்றால் நடுக்கடல் கப்பலுக்கு எப்படி இருக்கும்?

பரணில் இருந்தது அனோரக்குகளின் டேப். முதலில் பெரிய சுருள் டேப்புகள், பிறகு கேசட். சிலர் ரேடியோவிலிருந்து ஒயர் போட்டுப் பதிந்தார்கள். அது தெரியாதவர்கள் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்தார்கள். அப்படிப் பதிந்தால் கதவு சாத்தும் சத்தமும் வீட்டார் பேச்சும் பாட்டோடு சேர்ந்து விழும். மேலே அட்டையில் தேதி, நேரம், அலைவரிசை, ஒலியின் தரம் எல்லாம் சின்ன எழுத்தில். கேலிக்குக் காரணமாக இருந்த அந்த நுணுக்கம்தான் இன்றைக்கு அந்த டேப்பை ஆவணமாக்குகிறது. தேதி இல்லாத டேப் வெறும் பழைய பாட்டு.

1974 ஆகஸ்ட் கடைசியில் ஹாலந்தும் இதே மாதிரிச் சட்டம் போட்டது. ரேடியோ வெரோனிகாவும் மெபோ 2வும் மூடிவிட்டன. 1972லிருந்து ஹாலந்துக் கரையில் மறுபடி ஒலிபரப்பிக்கொண்டிருந்த கரோலைன் மட்டும் மி அமிகோவை இங்கிலாந்துப் பக்கம் இழுத்து வந்து தொடர்ந்தது. அப்புறம் ஆறு வருஷம். கப்பல் 1921ல் கட்டியது. அடிப்பகுதி அரித்துப்போய் ஓட்டை விழ, உள்ளே இருப்பவர்கள் அடைத்து அடைத்து ஓட்டினார்கள்.

1980 மார்ச் 19. புயல். நங்கூரச் சங்கிலி அறுந்து, கப்பல் 'லாங் சேண்ட்' என்ற மணல் திட்டில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் ஏற ஏறக் கப்பல் மிதந்து மிதந்து திட்டில் மோதியது. உள்ளே தண்ணீர் புகுந்தது. பம்பு ஈடுகொடுக்கவில்லை. ஷியர்னெஸ் ஊரிலிருந்து உயிர்காப்புப் படகு வந்து பக்கத்தில் நின்றது. நள்ளிரவுக்குச் சற்று முன்னால் இரண்டு அறிவிப்பாளர்கள் மைக்கில் பேசினார்கள். படகு காத்திருப்பதாகவும், பம்புகள் தாங்கினால் திரும்பி வருவதாகவும் சொன்னார்கள். தாங்காவிட்டால் என்ன என்பதைச் சொல்ல விருப்பமில்லை என்றார்கள். பதற்றமே இல்லாத குரல். டிரான்ஸ்மிட்டர் நின்றது.

உயிர்காப்புப் படகு அந்த அலையில் திரும்பத் திரும்ப நெருங்கி, ஆட்களை ஒவ்வொருவராக எடுத்தது. மொத்தம் நான்கு பேர். கூடவே ஒரு கேனரிக் குருவியும். குருவியின் பெயர் வில்சன். 1967 சட்டம் கொண்டுவந்த பிரதமர் ஹெரால்ட் வில்சனின் பெயர்தான்! படகை ஓட்டிய சார்லி பவுரிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. கப்பல் மூழ்கிவிட்டது. ஏரியல் கம்பம் மட்டும் தண்ணீருக்கு மேல் நேராக நின்றது, வருஷக்கணக்கில்.

இனிக் கேட்க ஒன்றும் இல்லை என்று அனோரக்குகள் கலைந்துவிடவில்லை. கரோலைன் 1983 ஆகஸ்டில் 'ராஸ் ரிவெஞ்ச்' என்ற பழைய மீன்பிடிக் கப்பலில், முந்நூறு அடிக் கம்பத்தோடு திரும்பி வந்தது. அடுத்த வருஷம் பக்கத்திலேயே லேசர் 558 என்ற அமெரிக்க அறிவிப்பாளர்களின் கப்பல் வந்து சக்கைப்போடு போட்டது. 1985 ஆகஸ்டில் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. 'டயோப்ட்ரிக் சர்வேயர்' என்ற கப்பலை வாடகைக்கு எடுத்து இவர்கள் பக்கத்திலேயே நிறுத்தியது. அதில் இருந்த அதிகாரிகளின் வேலை என்ன தெரியுமா? பைனாகுலரில் பார்த்துக்கொண்டே, எந்தப் படகு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று நோட்டில் குறிப்பது. ராத்திரி பகலாக. மழையில், குளிரில். யோசித்துப் பாருங்கள்... அனோரக் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சம்பளத்தைத் தவிர? லேசர் அறிவிப்பாளர்கள் இதைக் கிண்டலடித்து ஒரு பாட்டே போட்டுவிட்டார்கள். அந்த நவம்பரில் லேசர் மூடிவிட்டது. கரோலைன் அசையவில்லை.

அதற்கான பதில் 1989 ஆகஸ்ட் 19ம் தேதி வந்தது. ஹாலந்து, பிரிட்டிஷ் அதிகாரிகள் கப்பலில் ஏறினார்கள், சர்வதேசக் கடலிலேயே. அறிவிப்பாளர்கள் நடப்பதை அப்படியே வர்ணனை செய்தார்கள், குரல் அறுகிற வரை. கருவிகளையும் இசைத்தட்டுகளையும் எடுத்துப்போனார்கள். இதையும் நேயர்கள் பதிவு செய்தார்கள். யார் எந்த அதிகாரத்தில் ஏறினார்கள் என்று பிற்பாடு எழுந்த வாக்குவாதத்துக்கு, அந்த நிமிடங்களில் ஒலிபரப்பில் போனது இன்னதுதான் என்று காட்ட அந்த டேப்புகள் இருந்தன.

அனோரக்குகளை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் கூடாது. அவர்கள் சேர்த்தது அவர்களுக்குப் பிடித்ததை. நிலையம் தொடங்கிய நாள், மூடிய நாள், தீ, புயல், போலீஸ்... இவை எல்லாம் டேப்பில் இருக்கின்றன. சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒன்றுமே நடக்காத நாள், அது குறைவு. டேப்பை மிச்சம் பிடிக்கப் பாட்டுகளை வெட்டிவிட்டுப் பேச்சையும் இடையிசையையும் மட்டும் வைத்தவர்களும் உண்டு. எனவே அந்த டேப்புகளை மட்டும் கேட்பவர்களுக்குக் கடல் வானொலி என்பது எப்போதும் ஏதோ ஆபத்தில் இருந்த மாதிரித் தோன்றும். உண்மையில் பெரும்பாலான நாட்களில் அங்கே சலிப்புதான். அசையும் கப்பல், அதே சாப்பாடு, அதே நாலு முகம்.

அந்தச் சலிப்பையும் பக்கத்தில் போய்ப் பார்த்த அனோரக்குகள் உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த ஸ்டீவ் கான்வே நேயராகத் தொடங்கியவர். 1987ல் ராஸ் ரிவெஞ்சில் ஏறிவிட்டார். 1991 நவம்பரில், ஒலிபரப்பு ஏற்கெனவே நின்றுபோன கப்பலைப் புயல் குட்வின் மணல் திட்டில் கொண்டுபோய்த் தள்ளியது. ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். இதையெல்லாம் பிற்பாடு புத்தகமாக எழுதினார். ஹாலந்தில் ஹான்ஸ் நாட் என்ற நேயர் பல பத்தாண்டுகளாகக் கடல் வானொலியின் வரலாற்றைத் தேடி எழுதினார். கப்பல்காரர்களே மறந்துவிட்ட தேதிகளை அவரிடம் கேட்கலாம் என்ற நிலை!

குட்வின் திட்டில் சிக்கும் கப்பல்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை. ராஸ் ரிவெஞ்ச் திரும்பியது. அதன் பிறகு அதற்குத் துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, ஜெனரேட்டரைப் பழுதுபார்த்தவர்கள் யார்? அதே அனோரக்குகள்தான். வார இறுதிகளில், சொந்தக் காசில், இந்த முறை சட்டப்படி. 2017ல் கரோலைனுக்கு முறையான மத்திய அலை உரிமம் கிடைத்தது. ஒதுக்கியது 648 கிலோஹெர்ட்ஸ். பி.பி.சி. உலக சேவை 2011ல் காலி செய்துவிட்டுப் போன அலைவரிசை!

மி அமிகோவின் கடைசி நிமிடங்களை இணையத்தில் தேடினால் கிடைக்கும். பேச்சு முடிகிறது. டிரான்ஸ்மிட்டர் நிற்கிறது. பிறகு வெறும் இரைச்சல். எங்கோ ஓர் அறையில் டேப் இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருக்க வேண்டும், ஒருவேளை திரும்பி வந்தாலும் வருமே என்று.